சாயப்பட்டறை முதலாளியாக நான் இருந்த ஒரு மணி நேரம்

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனைப் பொறியியல் கல்லூரிக்குள் விடக் கூடாது. விட்டாலும் நாற்காலி போட்டு உட்கார வைக்கக் கூடாது. என் தங்கை எஸ்தர் இரண்டையும் செய்தாள்.

ஓசூரில் பரோட்டா போட்டுச் சலித்து, விஜயவாடா லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிச் சலித்து, அப்போதுதான் ஆரணிக்குத் திரும்பியிருந்தேன். எஸ்தர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சிவில் பாடம் எடுத்தாள். தற்காலிக வேலை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் அது. வேலையை நிரந்தரமாக்கலாமா, அவளை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு அவள் வகுப்பில் வந்து உட்காரப்போகிறது. (அந்தச் சம்பளத்தில்தான் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே கவலை இருவருக்கும் பொது.)

வகுப்புக்கு ஒரு முதலாளி வேஷம் தேவைப்பட்டது. அதற்குப் பேசி வைத்திருந்த மனிதருக்கு அன்று காலை அம்மை போட்டுவிட்டது.

"அண்ணா, நீதான் வரணும்."

"நான் இன்னாத்த நடத்தறது?"

"நீ ஒண்ணும் நடத்த வேணாம். நானே நடத்த மாட்டேன். இது கேஸ் ஸ்டடி. நெஜமா நடந்த மாதிரி ஒரு பிரச்சனையப் பசங்ககிட்ட குடுத்துடுவோம். அவங்களே கேட்டுக் கேட்டுக் காரணத்தக் கண்டுபுடிக்கணும்."

"அப்ப உனக்கு எதுக்குச் சம்பளம் தராங்க?"

"அதக் கேக்கத்தான் குழுவே வருது. ஜல்தியா சட்டய மாத்து."

பிரச்சினை இதுதான். ஒரு சாயப்பட்டறையின் மாடியில் தண்ணீர்த்தொட்டி சாய்ந்துகொண்டே வருகிறது. ஒரு தொட்டிக்காகக் கட்டிய தூண்கள்மேல் முதலாளி கமுக்கமாக இன்னொன்றையும் ஏற்றிவிட்டான். யாராவது நேராகக் கேட்டால் மட்டும் நான் அதைச் சொல்ல வேண்டும்.

"நடுவுல எங்க லேப் அசிஸ்டென்ட், கட்டடத்த சோதன போட வர்ற அதிகாரி வேஷத்துல வருவாரு. அவரு இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. கடைசி பெஞ்சுல இருக்கறவங்கதான் குழு, அந்தப் பக்கமே பாக்காத" என்றாள்.

நான் பார்க்கவே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

மேசைக்கு முதலாளிக் களை வரட்டும் என்று, தெரிந்த கடையில் ஒரு காலிப் புடவை டப்பா வாங்கி வைத்துக்கொண்டேன். (இது யாரும் கேட்காத என் சொந்த யோசனை.)

"சார், தூண்ல எத்தன கம்பி போட்டீங்க?" என்று ஒரு மாணவன் ஆரம்பித்தான்.

"கம்பி இன்னா வெல விக்குது தெரியுமா உனக்கு?"

வகுப்பு சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குப் புத்தி நிற்காது.

"மண் பரிசோதனை பண்ணீங்களா சார்?"

"எங்க அப்பன் பாட்டன் மண்ணு. அதப் போய் சந்தேகப்படறதா?"

"எப்போலேர்ந்து சாயுது சார்?"

"ஓ, என் தொட்டி சாயுதுன்னு ஊர்ல சொல்லிகினு திரியறது நீதானா?"

முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். "மேல எத்தன தொட்டி சார் இருக்கு?"

இரண்டு என்று சொல்ல வேண்டிய இடம். ஆனால் அதற்குள் நான் முழு முதலாளியாகியிருந்தேன். "உங்கப்பா யாரும்மா? நான் அவருகிட்ட பேசிக்கறேன்" என்றேன். எஸ்தர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போது கண்ணாடி போட்ட, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேசைக்கருகில் வந்து நின்றார். "எனக்குப் பதில் சொல்லுங்க. தொட்டி ஒண்ணா, ரெண்டா?"

அதிகாரி வந்துவிட்டார்! தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த ஊர் முதலாளி அதிகாரியிடம் வெறும் வாயால் பதில் சொல்கிறான்? லாரிகளோடு கிடந்தவனுக்குச் செக்போஸ்ட் வழக்கம் தெரியாதா? எழுந்து, துண்டால் நாற்காலியைத் தட்டி அவரை உட்கார வைத்தேன். டப்பாவை மேசைக்கடியில் அவர் மடிக்குத் தள்ளினேன்.

"வீட்ல அம்மாவுக்கு சார். நம்ம ஆரணிப் பட்டு. தொட்டிய பேஜார் ஆக்காதீங்க."

அவர் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தார். "காலியா இருக்கே?"

"மொதல்ல கையெழுத்து போடுங்க சார். புடவ பின்னாலயே வரும்."

வகுப்பு அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் மூச்சுவாங்க ஓடிவந்தார். "மன்னிச்சுக்கோங்க மேடம், பஸ் பஞ்சர். நான்தான் அதிகாரி."

நான் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அங்கே நடு இடம் காலியாக இருந்தது. குழுத் தலைவரின் இடம்.

முதல் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள். "மேடம், கண்டுபுடிச்சிட்டேன். தொட்டி ரெண்டு. ஒண்ணா இருந்தா இவரு எதுக்கு டப்பா குடுக்கப் போறாரு?"

தலைவர் எஸ்தரைப் பார்த்தார். "யாரும்மா இவரு?"

டீக்கடையில் கிடைத்த ஆள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"எங்க அண்ணன் சார். கூடப் பொறந்தவரு."

"நிஜமாவே பட்டறை வெச்சிருக்காரா?"

"ஒண்ணுமே வெச்சிக்கல சார்."

அன்று வீட்டுக்குப் போக முகமில்லாமல், கிடைத்த பஸ்ஸில் ஏறி வேலூர் போய், அங்கிருந்து சித்தூர் போய் ஒரு மண்டியில் மூட்டை தூக்கினேன். ஒருநாள் எஸ்தர் போன் செய்தாள். "நிரந்தரம் பண்ணிட்டாங்கண்ணா. ஒருத்தன்கூட தூங்காத வகுப்ப இப்பத்தான் பாக்கறேன்னு அந்தத் தலைவரு சொன்னாராம். ஊருக்கு வா. ஆனா காலேஜ் கேட் பக்கம் மட்டும் வந்துடாத, வாட்ச்மேன்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்க."

அதற்குப் பிறகு அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. போன மாதம் அவள் மகளுக்கு ஞானஸ்நானம். தாய்மாமன் முறைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி, அழகான பெட்டியில் வைத்து நீட்டினேன். எஸ்தரின் கணவர் அதை வாங்கி, போதகரையும் சபையையும் வைத்துக்கொண்டு காதருகே குலுக்கிப் பார்த்தார்.

"எஸ்தர், சத்தம் வருது. தைரியமா வாங்கிக்க" என்றார்.