அறுபதாயிரம் சம்பளக்காரி

பேனர் கடையில் செவ்வந்தி பென்டிரைவைத் திறந்தால், உள்ளே அவள் மூஞ்சியே இருந்தது.

கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த பழைய போட்டோ. கூடவே பேனரில் அடிக்க வேண்டிய வாசகம்: 'எங்கள் பெருமை! கம்ப்யூட்டர் படித்தார், ஆண்டுக்கு ஆறு லட்சம் சம்பாதிக்கிறார்!'

"சார், இது நான்தான்."

கல்லூரிக்கு ஆள் பிடிக்கிற சுப்புராயன் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, ஆமா! நல்லதாப் போச்சும்மா. உன் பேனரு, நீயே அழகா பண்ணிக்க."

"என் சம்பளம் ஒன்பதாயிரம் சார். மாசத்துக்கு."

"அதையெல்லாம் எவனாவது பேனர்ல போடுவானா?"

கடை முதலாளி செல்லமுத்து குறுக்கே விழுந்தார். "பார்ட்டி சொல்றதை அடிச்சிக் குடு செவ்வந்தி. மூலையில நம்ம கடை பேரை மட்டும் மறந்துடாத."

மூன்று வருடம் ஜாவா படித்தவள். கள்ளக்குறிச்சியில் ஒருத்தனும் ஜாவா கேட்கவில்லை. பேனரில் காதுகுத்துக் குழந்தையின் தலையில் கிரீடம் வைக்கத்தான் ஆள் கேட்டார்கள். சென்னைக்கு வந்தால் பதினைந்தாயிரம் என்றார்கள். ஹாஸ்டலுக்கே பன்னிரண்டு போய்விடும். போகவில்லை.

பேனர் கடை வேலை என்று வீட்டில் சொல்லவும் இல்லை. அப்பா மாயவன் தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். பட்டியில் இருந்த ஆடுகளையெல்லாம் விற்று அவளுக்குப் பீஸ் கட்டியவர். அவரிடம் "ஏ.சி. கம்பெனிப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஏ.சி. உண்மை. பிரிண்டிங் மெஷின் சூடாகக் கூடாதென்று போட்டது.

ஆறு லட்சம் என்று யாராவது படித்துச் சொன்னால், மீதிப் பணம் எங்கே என்று அப்பா கேட்கவே மாட்டார். அதுதான் அவளுக்குப் பயம். கேட்கிற ஆளிடம் சண்டையாவது போடலாம்.

சரி, அடையாளம் தெரியாமல் செய்துவிடலாம். போட்டோவுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டினாள், கண்ணாடி போட்டாள், தலைமுடியைக் குட்டையாக்கினாள்.

சுப்புராயன் கை தட்டினார். "கலெக்டரு மாதிரி கீறம்மா! ஒண்ணு பத்தாது. தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஒண்ணு போடு."

அவள் தினமும் பஸ் ஏறும் இடம். அப்பா டீ குடிக்கும் இடமும் அதுதான்.

அடுத்து, ஆறு லட்சத்தில் ஒரு சைபரைக் குறைத்தாள். ஆண்டுக்கு அறுபதாயிரம். இதை நம்பினால் அப்பாவுக்கு அவள் சம்பளமே பெரிசாகத் தெரியும்.

சுப்புராயன் குனிந்து பார்த்தார். "அறுபதாயிரமா? சரி, அதுவே இருக்கட்டும். 'ஆண்டுக்கு'ன்றதை மட்டும் தூக்கிட்டு 'மாதம்'னு போடு. ஜனங்களுக்கு மாசக் கணக்குதான் சட்னு புரியும்."

ஆண்டுக் கணக்கில் ஆறு லட்சம் ஏழேகால் லட்சத்தை நெருங்கிவிட்டது. செவ்வந்தி கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். இன்னொரு முறை திருத்தினால் கோடீஸ்வரி ஆகிவிடுவாள்.

மிச்சமிருந்த ஒரே வழி, பேனர் கட்டுகிற அம்மாசி. கம்பத்தில் ஏறிக் கட்டுவதும், நாள் முடிந்ததும் அவிழ்ப்பதும் அவர் வேலை.

"ண்ணா, தியாகதுருகம் பேனரை யார் கண்ணுலயும் படாத எடமாப் பாத்துக் கட்டிடுங்க. ஏன்னு கேக்காதீங்க."

"நான் ஏம்மா கேக்கறேன்? வேணான்னா வேணாம்."

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நாலு பக்கமும் பார்த்தாள். பேனர் இல்லை. இந்த ஊரில் ஒரு மனுசனாவது சொன்னதைச் செய்கிறானே என்று நிம்மதியாக நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்து நிமிர்ந்தாள். கூரையிலிருந்து கோட்டும் கண்ணாடியுமாக அவளே அவளைப் பார்த்துச் சிரித்தாள். மாதம் அறுபதாயிரம்.

அப்பாவுக்கு அப்படி ஒரு பழக்கம். பழைய பேனர் கிடைத்தால் ஓலை போன இடத்தில் கூரைக் கழிகள்மேல் விரித்துவிடுவார், படம் உள்பக்கம் இருக்கிற மாதிரி. வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் சூடு கம்மி என்பார். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பூப்பு நீராட்டு என்று பகலெல்லாம் அவள் வெட்டி ஒட்டிய மூஞ்சிகளே ராத்திரியும் படுக்கவிடாமல் முறைக்கும். ஊரில் பாதிப் பேனர் செல்லமுத்து கடையில் அடித்ததுதான், வேறென்ன கிடைக்கும் என்று விட்டிருந்தாள்.

"யாருப்பா இதைக் கொண்டாந்தது?"

"நான்தான் பாப்பா!" மேலேயிருந்து அம்மாசியின் குரல். கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "யாரும் பாக்காத எடம்னு நீதான சொன்ன? உங்க அப்பாருக்கும் பேனரு வேணும்னாரு. ரெண்டுக்கும் ஆச்சி."

மாயவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "முடியை எதுக்கு வெட்டிக்கின? நல்லாவே இல்ல."

"வெட்டலப்பா. அது பொய்." அழுகை கோபம் மாதிரிதான் வெளியே வந்தது. "கோட்டு பொய், கண்ணாடி பொய், அறுபதாயிரம் பொய். எனக்கு ஒன்பதாயிரந்தான். கம்பெனியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. பேனர் கடையில மூஞ்சி ஒட்டிக்கினு கீறேன். உன் ஆடெல்லாம் வீணாப் போச்சுப்பா, போதுமா?"

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மாயவன் கையை நீட்டி, கூரைக்குக் கீழே அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"எங்கம்மா வீணாப் போச்சி?" என்றார். "கால் கழுவிக்கினு வா. சோறு ஆறுது."

அவள் அசையவில்லை. "நான் உன்னை ஏமாத்திக்கினு இருந்தேன்னு சொல்றேன், நீ சோறுன்ற!"

கூரை ஓரமாக அம்மாசியின் நனைந்த தலை எட்டிப் பார்த்தது.

"இன்னா பாப்பா, புதுசா சொல்ற மாதிரி சொல்ற? வேற கடை பேனரை எடுத்தாந்தா உங்க அப்பாரு தொடவே மாட்டாரு. மூலையில உங்க கடை பேரு கீதான்னு என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, 'இது எம் பொண்ணு செஞ்சது, ஒழுவாது'ன்னு சொல்லித்தான் ஒவ்வொண்ணையும் மேல ஏத்துவாரு!"