குழந்தை வளர்ச்சிக் குழு எண்ணெய் தேய்த்துக்கொண்ட வரலாறு

தென்காசி வட்டாரத்துக் குழந்தைகள் போதிய அளவு வளரவில்லை என்கிற துயரச் செய்தி 1958-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் மேலிடத்தின் காதுக்கு எட்டியது. தை மாசமும் பிள்ளைகள் இப்படித்தான் இருந்தார்கள். மாசியிலும் எலும்பும் தோலுமாகத்தான் திரிந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் குறையெல்லாம் குற்றாலத்தில் சாரல் விழும்போதுதான் மேலே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

உடனே ‘உள்ளூர் வித்துக்கள், கொட்டைகள், எண்ணெய்கள் வாயிலான குழந்தை வளர்ச்சி ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டு, அருவிக்குப் பக்கத்துப் பங்களாவில் முகாமிட்டது. தலைவர் சுந்தரபாண்டியன். நல்ல மனுஷர், நல்ல சரீரம். குடும்பத்தோடு வந்திருந்தார். மற்ற அங்கத்தினர்களும் குடும்பத்தோடுதான். குழந்தைகளைப் பற்றிய வேலை பாருங்கள்!

குற்றாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான இலஞ்சியில் எதிர்வீட்டு வள்ளித்தாய்க்கு இதைக் கேட்டதும் உயிர் வந்தது. மகள் உலகம்மைக்கு நாலு வயசு. பார்க்கிறவர்கள் ரெண்டு என்பார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினாள். குழு பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தது.

“இவ்வளவு மெலிஞ்ச குழந்தையைச் சேர்த்தா ஆய்வோட சராசரி கெட்டுப்போகும்மா. கொஞ்சம் சதை பிடிச்சதும் கூட்டிட்டு வா,” என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு.

ஆனால் எள்ளும் கடலையும் தேங்காயும் இருந்தால் குழு நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்றார். வள்ளித்தாய் வீட்டுப் பானையில் கிடந்த எள்ளைத் தவணை தவணையாக வழித்துக் கொடுத்தாள். அவளைப் பார்த்து இலஞ்சியே விற்றது. ஆலங்குளத்திலிருந்து கடலை மூட்டை பஸ் ஏறி வந்தது.

ஆய்வு முறைப்படி ஆரம்பித்தது. எண்ணெயின் சத்து உடம்பில் ஏறுகிறதா என்று முதலில் தெரிய வேண்டாமா? குழந்தையின் முதுகு சின்னது, பரிசோதனைக்கு இடம் காணாது. தலைவரின் முதுகு விசாலமானது. ஆகவே செக்கு நல்லெண்ணெயை அதில் அரக்கித் தேய்த்து, அவரை அருவியில் நிறுத்தி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். அருவி அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டதால் முடிவு தெரியவில்லை. மறுநாள் எல்லா அங்கத்தினர் முதுகும் சேர்க்கப்பட்டது. சாயங்காலங்களில் வறுத்த கடலை பற்றித் தனி ஆய்வு நடந்தது.

எள்ளுருண்டை மட்டும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. பட்டணத்தில் டப்பாவில் வரும் பால்மாவைக் கரைத்துக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் முதலில் மூஞ்சியைச் சுளித்தன. பிறகு பாத்திரத்தை வழித்து நக்கின. ஆவணி பிறக்குமுன் கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று ஆகிவிட்டன.

கடைசித் தவணை எள்ளைக் கொண்டுபோன வள்ளித்தாய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். என்ன கொடுக்கிறீர்கள் என்று தலைவரின் மனைவி பார்வதியம்மாளிடம் கேட்டாள். எள்ளுருண்டை என்று சொல்ல அந்த அம்மாளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அலமாரியிலிருந்த டப்பாவைக் காட்டினாள்.

அவ்வளவுதான். எள் விற்ற காசு தென்காசிக் கடையில் டப்பாவாக மாறியது. ஒரு வீட்டில் நுழைந்தது தெருவுக்கே பரவியது. டப்பா இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரல் நின்றது, ஆய்வும் பூர்த்தியானது. ஆய்வுக்குட்பட்ட குழந்தைகள் கண்கூடாக வளர்ந்திருப்பதால், இனி ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்குத் தினமும் எள்ளுருண்டை கொடுக்க வேண்டியது என்று குழு சிபாரிசு செய்தது. எங்கள் தெருவில் தமுக்கு அடித்துச் சொன்னார்கள்.

வள்ளித்தாய் அப்போது டப்பா மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடாமலிருக்கத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருந்தாள். இடுப்பிலிருந்த உலகம்மை ஆனியில் இருந்ததைவிட இளைத்திருந்தது.

“ஏட்டி, கேட்டியா? பிள்ளைக்கு எள்ளு குடுக்கணுமாம்லா,” என்றேன்.

“அதெல்லாம் இல்லாதப்பட்ட பிள்ளையளுக்கு அண்ணாச்சி. எம்மவ டப்பால்லா குடிக்கா,” என்றாள்.

தெருவே ஆமாம் போட்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள்: டப்பா தீர்ந்துபோச்சு, இன்றைக்காவது வாங்கிவந்தால்தான் பேரனுக்குப் பால் என்று. பையை எடுத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.