கட்டம் கொள்ளாத கதை

"சார், மறுபடியும் செத்துப்போச்சு."

புகார்ப் பிரிவிலிருந்து ஃபோன். குரல், சொந்த மனைவியுடையது.

குடிநீர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இரண்டு மாடி கீழே, புகார்களைப் பதிவது அவள் வேலை. வீட்டில் ஒன்பது நாளாக அவள் பேசுவது "ம்", "இல்ல" இரண்டுதான். சித்தி கண்ணாடியைத் தொலைத்த கதையை அவள் ஆரம்பித்தபோது, "கொஞ்சம் சுருக்கமாச் சொல்லேன்" என்று இவர் வாயை விட்டதன் பலன்.

"எப்படி ஆச்சு?" என்றார் வந்து.

"டைப் பண்ணேன். ஆச்சு."

"அரதப் பழசு பிரௌசர்மா இது. இந்தக் கட்டத்துக்கு இவ்வளவு எழுத்துதான்னு ஒரு அளவு உண்டு. மீறினா வழிஞ்சு, மெமரில பக்கத்து இடத்துல போய் உக்காந்துக்கும். திருட்டுப்பய எவனாவது வேணும்னே நீளமா அனுப்பினா, மெஷின் அவன் பேச்சைக் கேக்க ஆரம்பிச்சுடும். புது கம்ப்யூட்டர் கேட்டிருந்தேனே, வந்துச்சா?"

"வரல."

ஓட்டையை அடைக்க ஒரு அப்டேட் போட்டார். புகார்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று ஆனது. அதை எடுத்துவிட்டுப் புது பிரௌசர் போட்டார். பழைய புகார்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வரிசையில் நின்றன. கடைசியில் பழையதையே திரும்பப் போட்டு, ஐம்பது எழுத்துக்கு மேல் ஏறாதபடி பூட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

மத்தியானம் மேலாளர் ஒரு தாளோடு வந்தார்.

"'எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீரோடு என் மாமியாரின்'... மாமியாரின் என்னய்யா வந்துச்சு? அங்க போய் நான் எதைத் தேடுறது?"

"சார், அது வந்து..."

"நாலு மணிக்குள்ள சரியாகணும். இல்லேன்னா நாளைக்கே வெளியூர்க் கிளைக்குக் கிளம்புங்க."

வெளியூர் போனால் அந்த "ம்" கூடக் கிடைக்காதே!

பூட்டை நீக்கிவிட்டு மனைவியிடம் ஓடினார். "எதை அடிச்சா சாகுது? அதை அப்படியே அடி, பார்க்கிறேன்."

அவள் மறுபேச்சின்றி அடித்தாள். தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். அது புகாரே இல்லை. கல்யாண வீட்டில் சித்தி தன் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று நாளாக, சித்தப்பா திடீரென்று அழகாகிவிட்டார் என்று ஒரே பூரிப்பு. நாலாம் நாள் அந்தக் கண்ணாடிக்குச் சொந்தக்காரரான பெரியவர் வாசலில் வந்து நிற்க, சித்தி...

திரை உறைந்தது.

"ஐயோ! அப்புறம்?"

"சுருக்கமாவா?" என்றாள் அவள், திரும்பாமலே.

"நீளமா. எவ்வளவு நீளமா வேணும்னாலும். தப்பு என்னோடதுதாம்மா."

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைத் தர மாட்டேன் என்று சித்தி அடம்பிடித்ததில் தொடங்கி, சித்தப்பாவே அந்தப் பெரியவரின் காலில் விழாத குறையாக, "எவ்வளவு வேணும்னாலும் தரேன், அது இவகிட்டயே இருக்கட்டும்" என்று கெஞ்சியதுவரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சிரித்துச் சிரித்து இவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நிமிர்ந்தால், சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஐந்து நிமிஷம்.

"போச்சு! நான் வெளியூர்தான்!"

அப்போது அலுவலக ஸ்டோர்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே, சமாதானம் ஆயாச்சாம்மா? அப்ப, போன வாரமே வந்து, நீங்க ஸ்டோர்லயே வைக்கச் சொன்ன புது கம்ப்யூட்டரை இப்பக் கொண்டாந்து வெச்சுடட்டுமா?"