இரவல் மடி

"ஒரு மணி நேரத்துக்கு உங்க மடி வேணுமுங்கண்ணா" என்றான் நவீன்குமார்.

தெய்வசிகாமணி வாசலில் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரிடம் ஏணி கேட்டிருக்கிறார்கள், மண்வெட்டி கேட்டிருக்கிறார்கள். மடியை யாரும் கேட்டதில்லை.

"எதுக்கு?"

"கொழந்தைக்குக் காதுகுத்துங்க. எங்க ஊட்டுக்காரி ஜீவிதாவுக்குக் கூடப் பொறந்தவன் இல்லீங்களே. சித்தப்பா பையன் வந்து மாமனா உக்கார்றேன்னான். இப்பப் போன் பண்ணி லீவு இல்லைங்கறான். ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காருங்க."

"ஊருல வேற மடியே இல்லையா?"

"ஜீவிதாவுக்கு அண்ணன் முறையாகோணும். வயசு ஒத்து வரோணும். இன்னிக்கு ஊட்டுல சும்மாவும் இருக்கோணும். மூணும் உங்களுக்குத்தான் பொருந்துதுங்க."

மறுத்தால் இன்னும் பேச வேண்டியிருக்கும் என்பதால் சிகாமணி சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

ஐம்பதை நெருங்கும் வயது அவருக்கு. பார்த்த பெண் வீடுகள் எல்லாம் காபியோடு முடிந்துபோன பிறகு, "ஒண்ணும் நடக்காதுங்க" என்பதையே தன் கொள்கையாக வைத்துக்கொண்டிருந்தார். மழை வருமா என்று கேட்டாலும், அந்தப் பாலக்காட்டுக் கிராமத்துக்குச் சித்தூர் பஸ் வருமா என்று கேட்டாலும் அதுதான் பதில். எதையும் எதிர்பார்க்காதவனை யாரும் ஏமாற்ற முடியாது. பூட்டிய வீட்டின் நிம்மதி அது. திருடன் வரமாட்டான்; விருந்தாளியும் வரமாட்டான்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. குழந்தை அவருடைய வேட்டியை நனைத்துவிட்டு, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, அழ மறந்து அவர் மீசையையே பார்த்தது. நவீனின் அக்கா கனத்த உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"கொழந்தைக்கு நீங்க மாமன், நான் அத்தை. நம்ம முறை சரியாப் போச்சுங்க. எதுக்கும் எங்க ஊட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேன்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. சிகாமணி மட்டும் ஈர வேட்டியோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஏணியைப் போல இல்லை, மடி திரும்பி வந்துவிட்டது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. சாயங்காலமே ஜீவிதா தூக்குப்போசியில் பாயசத்தோடு வந்தாள். "அண்ணா, போசியை அப்பறம் குடுங்க." மறுநாள் போசி வாங்க வந்தவள் புளிக்குழம்பு வைத்துவிட்டுப் போனாள். ஒற்றைப் பிள்ளைகளாகப் பெற்று வளர்த்த தெருவில் தாய்மாமன்களுக்குப் பஞ்சம். அழாத குழந்தையின் செய்தி பரவி, இன்னும் இரண்டு வீடுகள் மடி கேட்டு வந்தன. வேலியோரமாகப் போகும் பொடிசுகள் "மாமோவ்" என்று கூவத் தொடங்கின. சிகாமணியின் சட்டைப்பையில் மிட்டாய் சேர்ந்தது. இருமலுக்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

உண்மையான தொல்லை பால் சொசைட்டியில் இருந்து வந்தது.

அங்கே பால் சோதிக்கிற பிரதீபா போன ஓணத்துக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். முதல் நாளே அவருடைய பாலைச் சோதித்துவிட்டு, "உங்க பாலு நல்ல பாலுங்க" என்றாள். அவருடையது எதையும் யாரும் நல்லது என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் மாட்டுக்குப் புண்ணாக்கைக் கூட்டிப் போட்டார். ஏன் என்று மாட்டிடமும் சொல்லவில்லை.

அவளுக்குக் கணவன் இல்லை என்பது மட்டும் தெரியும். தினமும் அவள் இடுப்பில் டின்டு என்ற பெண் குழந்தை வரும். "தீபாம்மா, தீபாம்மா" என்று அவள் கன்னத்தைத் திருப்பும். அதற்கு மேல் சிகாமணி விசாரித்ததில்லை. ஊரில் யாரைப் பற்றியும் கேட்கமாட்டார், கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இந்த மடி விவகாரத்துக்குப் பிறகு, அவருக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்று அசைய ஆரம்பித்திருந்தது. இத்தனை பேருக்கு அண்ணனாக முடிகிறவனால், ஒருத்திக்கு வேறு ஏதாவது ஆக முடியாதா? அப்படி நினைத்த காலையில் அவர் இரண்டு தடவை தலை வாரிக்கொண்டார்.

அன்றைக்கே பிரதீபா சொன்னாள்: "ஏனுங்க, வர்ற ஞாயித்துக்கெழம எங்க டின்டுவுக்குக் காதுகுத்து. நீங்கதான் மாமனா உக்காரோணும்."

கேன் மூடி கை நழுவி உருண்டு ஓடியது.

மடியில் வைத்தால் குழந்தையின் தாய்க்கு அண்ணன். அண்ணன் என்றால் அண்ணன்தான். சித்தூர் தாலுகாவில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

"பாக்கலாமுங்க" என்று சொல்லி மூடியின் பின்னாலேயே போனார்.

மறுநாள் நொண்டிக்கொண்டு சொசைட்டிக்கு வந்தார். "முட்டி புடிச்சுக்கிச்சு. சம்மணம் போட முடியாதுங்க."

"நாற்காலி போட்டுக்கலாமுங்க" என்றாள் பிரதீபா. நவீன் வழியாகச் செய்தி ஜீவிதாவுக்குப் போய், அவள் ஒரு சீசா தைலத்தோடு வந்து நின்றாள். "நொண்டிக்கிட்டே இருக்காதீங்கண்ணா, தேச்சுவுடுங்க." வாசம் எட்டு வீட்டுக்கு எட்டியது. தேய்த்த இடத்தில் உண்மையாகவே எரிந்ததால், அவர் உண்மையாகவே நொண்டினார்.

அடுத்த நாள் வேறு வழி பார்த்தார். "ஞாயித்துக்கெழம மாடு கன்னு போடுதுங்க. உட்டுட்டு வர முடியாது."

பிரதீபா கேனுக்குள் எட்டிப் பார்த்தாள். "கன்னு போடப் போற மாடா இத்தனை பாலு கறக்குது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சிகாமணியண்ணன் மாடு காமதேனுங்கோ!" என்றது ஒரு குரல். பாலுக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

வரிசை கலையும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார். "நான் ராசியில்லாத ஆளுங்க. நான் தொட்டது எதுவும் வெளங்குனதில்லை. கொழந்தைக்கு எதுக்குங்க?"

பிரதீபா சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "ராசி பாத்தா, நான் ஊட்டை உட்டே வெளிய வர முடியாதுங்க" என்றாள். பிறகு நிமிர்ந்து சிரித்தாள். "ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்தருங்க."

"ஒண்ணும் நடக்காதுங்க" என்பது தொண்டைவரை வந்து, வெளியே வர வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

வீட்டுக்கு நடக்கும்போது நொண்ட மறந்துவிட்டார். நினைத்தது கிடைக்கப் போவதில்லை, அது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை பழைய கசப்பைத் தேடிப் பார்த்தால், வைத்த இடத்தில் அது இல்லை. அவள் கொடுப்பது அண்ணன் என்ற இடம்தான் என்றால், அதுவும் ஓர் இடம்தானே? ஒன்றுமே இல்லாமல் கேனோடு வந்து கேனோடு போனவனுக்கு ஓணத்துக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் போக ஒரு வீடு. மறுநாளே கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் ஏறினார். டின்டுவுக்கு மஞ்சள் பட்டுப் பாவாடை வாங்கினார். கடைக்காரர் "யாருக்குங்க?" என்றதற்கு, "எந்தங்கச்சி பொண்ணுக்கு" என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது கொஞ்சம் வலித்தது. தைலம் எரிந்த அளவுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். நவீனும் ஜீவிதாவும் அண்ணனுக்காக முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். தூண் ஓரத்தில் முறுக்கு மீசையோடு இரண்டு வெளியூர் ஆட்கள், கையில் வெல்ல மூட்டையுடன் நின்றுகொண்டு சிகாமணியை முறைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று அவர் தடவிப் பார்த்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் பிரதீபா டின்டுவைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பச்சைச் சேலை, தலையில் முல்லை. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணன்கள் அப்படிப் பார்க்கக்கூடாது.

"எல்லாம் நல்லபடியா நடக்குமுங்க" என்றார், பாவாடையைப் பார்த்து. தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவருக்கே திகைப்பு.

ஆசாரி ஊசியை எடுத்தார். "பெத்தவ வந்து கொழந்த தலையைப் புடிச்சுக்கம்மா."

பிரதீபா நகரவில்லை. கூட்டத்திலிருந்து முன்பின் தெரியாத இளம்பெண் ஒருத்தி அவசரமாக வந்து, மண்டியிட்டு டின்டுவின் தலையைப் பிடித்தாள். "அம்மா!" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது குழந்தை.

சிகாமணி விழித்தார். "நீங்க?"

"நாந்தேன் டின்டுவோட அம்மா, இந்து. காலைப் பஸ்ஸுக்கு வேலைக்குப் போயிருவேன், அதான் நீங்க பாத்ததில்ல. பிரதீபாக்கா எங்க வீட்டுக்காரரு கூடப் பொறந்தவுக. டின்டுவுக்கு அத்தை."

சிகாமணி திரும்பினார். பிரதீபா முகம் சிவக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்து தூண் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தா மொறைச்சுக்கிட்டு நிக்காக பாருங்க, அவுக ரெண்டு பேரும் என் கூடப் பொறந்த அண்ணன்மாரு. மடி குடுக்கத்தேன் மறையூருல இருந்து வந்தாக. எங்க நாத்தனாதேன், மாமனா உக்காந்தா நீங்கதேன் உக்காரணும்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாக."