மாமி வீட்டில் நாய் அசையக்கூடாது

மட்டக்களப்பு
14.09.1996

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் வினாயகமூர்த்தி அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருசன் நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. கட்டாரில் தாங்கள் வெயிலுக்கும் முதலாளிக்கும் தப்பி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மாமி இருக்கிறா, தங்கள் கடைசித் தங்கை சின்னவள் இருக்கிறாள், நான் இருக்கிறேன். சுகம் என்ற சொல்லை மட்டும் இரண்டு மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

விசயம் நாயைப் பற்றியது. தங்கள் தங்கை புஸ்பம் அகதி முகாமில் படிப்பித்த நாளில், கதிரவெளிச் சனம் ஊர் திரும்பும்போது பஸ்ஸில் ஏற்றாமல் விட்டுப்போன நாயைக் கூட்டி வந்தாளே, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளது, அந்தச் சுட்டியன். அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அது சாப்பாட்டைக் குறைத்தது, இருமியது, வாசலில் இருந்து கிணற்றடிக்குப் போக இரண்டு தரம் இளைப்பாறியது. நாய் துக்கம் காக்கிறது என்று ஊர் சொன்னது. நானும் அதைத்தான் நம்பினேன். ஆனால் என் வேலை தெரியும்தானே, மலேரியா ஒபீசில் நாள் முழுக்க இரத்தம் பார்க்கிறவன். அவளுக்குக் காய்ச்சல் வந்த கிழமை கதிரவெளிப் பக்கம் இரத்தம் எடுக்கப் போய், பாதை பூட்டி, நாலு நாள் நின்றுவிட்டேன். அந்த நாலு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய இரத்தம் பார்த்தேன். புஸ்பத்தினுடையதைப் பார்க்கவில்லை. அது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆகவே நாயின் காதில் குத்தி ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். மச்சான், உள்ளே நூல் நூலாக நெளிகிறது. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பவும் பார்த்தேன். அப்போதும் நெளிந்தது.

மிருக வைத்தியர் ஆதம்பாவா டொக்டரிடம் கண்ணாடித் துண்டைக் கொண்டுபோனேன். "இது குஞ்சு தம்பி. தாய்ப்புழு இதயத்துக்குள்ள, சாண் நீளத்தில இருக்கும். இதுவும் மலேரியா மாதிரி நுளம்பு கடிச்சிக் கொண்டாற சாமான்தான்," என்றார். கொழும்பில் இருந்து பஸ்ஸில் மருந்து வருவித்து, அடுத்தடுத்த நாள் இரண்டு ஊசி இடுப்பில் போட்டார். பிறகு சொன்னதுதான் என் தலையில் விழுந்தது. "ஊசி புழுவக் கொல்லும். செத்த புழு துண்டு துண்டா நுரையீரலுக்குப் போகும். நாய் ஓடினா, துள்ளினா, மூச்சடைச்சி அந்த இடத்திலயே முடிஞ்சிரும். அசையாமப் பாக்கிறது உங்கட வேல."

ஊசி போட்டு முடிந்த மறுநாள் புஸ்பத்தின் முப்பத்தோராம் நாள் கிரியை. நம் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடு பெண்ணுக்கு எழுதினது. பெண் போய், பிள்ளையும் இல்லையென்றால், மருமகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போக வேண்டும். சின்னவளுக்கும் சம்பந்தம் பேசுகிறார்கள், அவளுக்கு வீடு வேண்டும். நியாயம். ஆனால் என் தாய் வீடு கொக்கட்டிச்சோலையில். சைக்கிள், சோதனைச் சாவடி, வாவித் துறை, திரும்பவும் சாவடி. நாய் போய்ச் சேராது. படையலுக்கு வந்த சனத்துக்கு முன்னால், "நாயின் நெஞ்சில் புழு, அதனால் நான் இரண்டு மாதம் இங்கே நிற்க வேண்டும்," என்று சொன்னேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அப்ப உங்கட நெஞ்சிலயும் குத்திப் பாத்திங்களா தம்பி? நீங்களும் இளைச்சித்தான் போயிருக்கிங்க."

நான் வீட்டைப் பிடிக்க நாயைச் சாட்டுகிறேன் என்று ஊரில் கதை. புழுவைக் காட்டுங்கள் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆட்கள் வந்தால் நாய் எழும்பும். எழும்பினால் சாகும். வேலிப் படலையில் நின்று நாளுக்குப் பத்துப் பேரைத் திருப்பி அனுப்பினேன், கதை இன்னும் பெருத்தது.

அந்த நிலையில்தான் ஒருநாள் விடிய இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட வளவுக்கு வரட்டாம். நாயைக் கட்டிவைத்தேன், நான் படலை தாண்ட அது கயிற்றை இழுத்துத் துள்ளுகிறது. வேறு வழி இல்லை, இருபத்திரண்டு கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். "நாய் என்னத்துக்கு?" என்று ஆமிக்காரன் கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "ஹதவதே பணுவோ", இதயத்தில் புழு என்றேன். அவன் மூன்றடி பின்னால் போனான். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களும் போனார்கள்.

வரிசை முடிகிற இடத்தில் ஜீப். அதற்குள் தலையாட்டி, சாக்கைத் தலையில் கவிழ்த்து இரண்டு ஓட்டையால் பார்க்கிற ஆள். அவன் தலையாட்டினால் லொறி, ஆட்டாவிட்டால் வீடு. என் முறை வந்தது. மச்சான், நாய் வாலை ஆட்டுகிறது. புஸ்பம் போன பிறகு அந்த வால் அசைந்ததை நான் காணவில்லை. இப்போது சாக்கைப் பார்த்து, முனகி, முனகி, என் வயிற்றில் அடி விழ ஆட்டுகிறது. சாக்கு அசையவே இல்லை. நாயைப் பார்த்தபடி இருந்தது. நான் நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துவிட்டேன். அன்றைக்கு எட்டுப் பேரை ஏற்றினார்கள். இரண்டு பேர் இன்னும் வரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் கடைக்கார இளையதம்பி அண்ணன் பிடித்துக்கொண்டார். "உன்ர நாய்க்கு அது ஆரெண்டு தெரியும் போல கிடக்கு மனே."

"அது எல்லாருக்கும் ஆட்டும் அண்ணன்."

"அப்ப எனக்கு ஆட்டச் சொல்லு பாப்பம்."

நாய் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவர் பெருமூச்சு விட்டு, உடனே மற்றப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு எங்கள் படலைக்கு ஒரு காக்கை இல்லை. நாலு பேர் பார்க்க நாய் தனக்கு வாலாட்டி, தலையாட்டி என்று பெயர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஊருக்கே பயம். மீன்காரரும் தெருமுனையில் நின்றுதான் கூப்பிடுகிறார். டொக்டர் கேட்ட அமைதி நாய்க்குக் கிடைத்தது.

ஆகையால் மச்சான், இரண்டு மாதம் என்று டொக்டர் சொன்னது உண்மை, இன்னும் ஒரு மாதம் பாக்கி, அதுவரை மருமகன் நிற்கட்டும் என்று மாமிக்கு உங்கள் கையால் ஒரு வரி எழுதிப்போடுங்கள். மகன் சொன்னால் மறுக்கமாட்டா. தாங்கள் போன இடத்தில் நோய் நொடி அண்டாமல் இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நல்லரத்தினம்

பி.கு.: மச்சான், மாமிக்கு எழுத வேணாம். டொக்டர் சொன்னது நாலு கிழமை. அது போன வெள்ளிக்கிழமை முடிஞ்சிது. நெஞ்சப் பாத்திட்டு, "இனி ஓடட்டும்" எண்டிட்டார். நாய்க்கு ஒண்டும் இல்ல. எனக்குத்தான் இந்த வீட்ட விட்டுப் போக ஏலாமக் கிடக்கு. அவள்ர சீப்பில இன்னும் மயிர் இருக்கு. கடிதத்த ஒட்டப்போன நேரம் மாமி மீனோட வந்தா, சுட்டியன் வேலி நீளத்துக்கும் ஓடிப்போய் அவவச் சுத்தித் துள்ளினான். "முந்தநாளும் இவன் ஓடினதக் கண்டநான்," எண்டா. மறுகா குந்தி இருந்து மீன ஆய்ஞ்சா. தல நிமித்தாமச் சொல்றா: "நாய் ஓடாதெண்டு இனி ஆருக்கும் சொல்லாதிங்க தம்பி, ஆரும் கண்டிருப்பாங்க. ராவையில இருமுது எண்டு சொல்லுங்க. ஊரடங்குக்குள்ள ஆரு வந்து கேக்கப்போறாங்க?"