இரண்டு பக்கத்துக்கும் துரோகி

கொழும்பு வெள்ளவத்தையில் துரோகியரைப்போல அடிக்கடி செத்த மனிதர் வேறு எவரும் கிடையாது. சுடப்பட்டுச் செத்திருக்கிறார். மரத்தில் கட்டப்பட்டுச் செத்திருக்கிறார். ஒருமுறை சேற்றுக்குள் முகம் புதையச் செத்தார். ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருந்த சனம் சந்தோஷப்பட்டது.

அவர் துணை நடிகர். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். துரோகி என்பது அவருக்குக் கிடைத்த ஒரே வேடம். பின்னால் ஒட்டிக்கொண்ட ‘யர்’ யாழ்ப்பாணத்து மரியாதை.

நான் குடிவந்த முதல் நாள், வாளியோடு குளிக்கப் போனவன் படிக்கட்டில் அவரைக் கண்டேன். தலைகீழாகக் கிடந்தார். கண் திறந்திருந்தது. ஒரு இலையான் பறந்து வந்து இருந்து அவருடைய கண் ஓரத்தில் நடந்து போனது, இமை அசையவில்லை. நான் வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

“செத்துக்கொண்டிருக்கிறன் தம்பி,” என்றது பிணம். “கொஞ்சம் விலத்திப் போங்கோ.”

கீழிருந்து வீட்டுக்கார அன்ரி சத்தம் போட்டார். “உந்தாள் ஒருநாள் உண்மையாச் செத்துப்போய்க் கிடக்கும், நாங்கள் நடிப்பெண்டு தாண்டித் தாண்டிப் போகப்போறம்!”

அவருக்குச் சிங்களமும் தமிழும் ஒரே மாதிரி வரும். அதனால் தொழிலும் இரண்டு பக்கமும் இருந்தது. சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களில், படையை விட்டு ஓடி எதிரிக்காகச் சண்டைபிடித்த சிங்களச் சிப்பாய் அவர்தான். வெளிநாட்டுத் தமிழர்களுக்காக எடுக்கப்படும் படங்களில், ஆமியோடு சேர்ந்து சொந்தச் சனத்தைச் சுட்ட தமிழனும் அவர்தான். உடுப்பு மாறும், மொழி மாறும். கறுப்புக் கண்ணாடி மட்டும் மாறாது. அதை அவரே வைத்திருந்தார்.

“துரோகியெண்டா கோழிக்கால் கடிக்கவேணும் தம்பி. ஒருபக்க வாயால சிரிக்கவேணும். ரெண்டு பக்கத்திலயும் உதுதான் சட்டம். ஏன் போனவன், ஆரை விட்டிட்டுப் போனவன் எண்டு ஒரு வசனம் தரமாட்டினம்.”

சனம் அவரைக் கடுமையாக வெறுத்தது. ஓட்டோக்காரர் முகத்தைப் பார்த்ததும் வேகம் பிடிப்பார்கள். கோயிலில் பக்கத்தில் நின்ற பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். ஆப்பக்கடைக்காரர் ஒருநாள் சம்பலைத் தட்டில் அறைந்து வைத்துவிட்டு, “நேற்று அந்தக் கிழவனைக் காட்டிக்குடுத்தனீரெல்லோ?” என்று கேட்டார். துரோகியர் பூரித்துப்போனார். “பாத்தீங்களே? நம்பிப்போட்டார்!”

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அந்தப் புதுப் பழக்கம் வந்தது. ஒரு சிங்கள நாடகத்தில் அவரைச் சுடும் காட்சி. கமரா ஓடத் தொடங்கியதும் அவருடைய இடது கை எழும்பி, காதுச் சோணையைப் பிடித்துத் திருகியது. கண் மேலே எதையோ தேடியது. இயக்குநர் மகிழ்ந்துபோய் அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் படப்பிடிப்பு முடிந்த பிறகும் அந்தக் கை ஓயவில்லை. புட்டுச் சாப்பிடும்போது போகும். பஸ்ஸில் நிற்கும்போது கம்பியை விட்டுவிட்டுப் போகும்.

“ஆரைப் பாத்துப் பழகினது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரையும் இல்லைத் தம்பி. கை தன்பாட்டில போகுது.” சொல்லிவிட்டு அந்தக் கையை, பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நாடகம் ஒளிபரப்பாகிய சில நாட்களில், உச்சி வெயிலில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அம்மா குடையோடு வாசலில் வந்து நின்றார். குருநாகலுக்கு அப்பால் ஒரு ஊராம். நாடகத்தில் வருகிறவரைப் பார்க்க வேண்டுமாம். சண்டைக்கு வந்திருக்கிறா என்று நினைத்த அன்ரி, அவசரமாகப் பிளேன்ரீ போட்டார்.

துரோகியர் சாரத்தை இறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அந்த அம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: “அதைச் செய்து காட்டுங்கள்.”

எதை என்று அவர் கேட்கவில்லை. அதற்குள் கை காதுக்குப் போய்விட்டது. அம்மா தலையாட்டினார்.

அவருடைய மகன் படையில் இருந்தவன். காணாமல் போனான், உடல் வரவில்லை. அவன் எதிரியோடு சேர்ந்து சண்டைபிடித்தான் என்று ஊரில் ஒரு கதை எழும்பியது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. இந்த நாடகம் வந்த பிறகு, ஊர்ப் பிள்ளைகள் அவரைக் கண்டால் வாயை ஒருபக்கம் இழுத்துச் சிரித்துக் காட்டுகிறார்களாம்.

“என் மகன் அப்படிச் சிரிக்கமாட்டான். பயம் வந்தால் காதைப் பிடிப்பான், சின்ன வயதிலிருந்தே. நான் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவனை எங்கே கண்டீர்கள்?”

“நான் காணவில்லை அம்மா. அது நடிப்பு.”

“சிரிக்கச் சொன்னது யார்?”

“இயக்குநர்.”

“காதைப் பிடிக்கச் சொன்னது?”

துரோகியர் கையைக் காதிலிருந்து கீழே இறக்கினார். கடற்கரைப் பக்கமாக ரயில் போனது, வீடு அதிர்ந்து அடங்கியது. அம்மா எழுந்து அவருடைய காதை மெல்லத் தொட்டார்.

“இனிச் சாகும்போது சிரிக்காதே, புதே.” மகனை அழைக்கும் சொல் அது. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த படப்பிடிப்பு வத்தளையில், மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையில். தமிழ்ப் படம். “துணைக்கு வாங்கோ தம்பி,” என்று துரோகியர் கேட்டதால் நானும் போனேன். கறுப்புக் கண்ணாடியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“அண்ணை, கண்ணாடி எங்க?” என்றார் வெளிநாட்டிலிருந்து வந்த இளம் இயக்குநர். “முகத்தில பயம் தெரியுது.”

“சாகப்போறவன் பயப்பிடுவான்தானே.”

“துரோகி பயந்தாச் சனத்துக்குப் பாவமாப் போடும். எனக்கு அது வேண்டாம். சிரியுங்கோ.”

துரோகியர் முழந்தாளில் இருந்தார். துப்பாக்கி நீண்டது. கை காதுக்குப் போனது. அவர் சிரிக்கவில்லை. “அம்மே!” என்று கத்தினார்.

லைற் பிடித்தவர் ஒரு அடி பின்னுக்குப் போனார்.

“அண்ணை, இது தமிழ்ப் படம்! அம்மா எண்டு சொல்லுங்கோ!”

“அப்பிடித்தானே சொன்னனான்.”

ஒலிப்பதிவுக்காரர் பதிவைத் திரும்ப ஓடவிட்டு, ஹெட்ஃபோனைத் துரோகியருக்குக் கொடுத்தார். அவர் கேட்டுவிட்டு எனக்கு நீட்டினார். துரோகியருடையது சளி கட்டிய கரகரத்த குரல். நான் கேட்டது ஒரு இளம் பொடியனின் குரல்.

அந்தக் காட்சியை வேறொரு நடிகரை வைத்து எடுத்தார்கள். அவர் நன்றாகச் சிரித்தாராம். அதன்பிறகு துரோகியருக்கு யாரும் அழைப்பு எடுக்கவில்லை. அவருடைய கையும் காதுக்குப் போகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று அவராகவே காதைப் பிடித்துப் பார்ப்பார். “போட்டான் தம்பி,” என்பார். போய்விட்டது என்று சொல்லவில்லை, போய்விட்டான் என்றுதான் சொன்னார்.

பிறகு ஒருநாள் சவரம் செய்து, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு குருநாகல் பக்கம் புறப்பட்டார். ஊர்ப்பெயர் அன்ரிக்கு நினைவிருந்தது. அவர் திரும்பி வந்து சொன்னதை இப்போதும் என்னால் சிரிக்காமல் நினைக்க முடியவில்லை.

“பஸ்ஸால இறங்கினன். சைக்கிள்ல வந்த மனிசன் என்னைக் கண்டிட்டு றோட்டோரக் கானுக்குள்ள விழுந்திட்டார். பிள்ளையள் ‘செத்தவன் வாறான்’ எண்டு ஓடிச்சுதுகள். அந்த அம்மா உள்ளுக்கு வரச் சொன்னா. நான் மாட்டனெண்டிட்டன். எல்லாரும் பாக்க முத்தத்தில கதிரை போட்டு, சோறும் பலாக்காய்க் கறியும் ரெண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டன். இனி அந்தப் பிள்ளையள் பயத்தில அவவுக்கு முன்னால வாய் இழுக்காதுகள்.”

“உங்களை ஆரெண்டு சொன்னவா?”

“‘என்ர மகனைத் தெரிஞ்சவர்’ எண்டு சொன்னவா.”

“நீங்கள் இல்லையெண்டு சொல்லேல்லையோ?”

அவர் வெள்ளைச் சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். “தெரியாதெண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது?”

இப்போதும் இடைக்கிடை அந்த ஊருக்குப் போய் வருகிறார். துரோகியென்று யாராவது கைவைத்துவிடுவார்களோ என்று தடுத்தால் கேட்கமாட்டார். புறக்கோட்டை பஸ் நிலையம் வரைக்கும் நானும் கூடப் போய், ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவேன். அவர் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.