பூச்சி அண்ணாச்சியின் சீசன்

தென்காசியில் யாரைப் பார்த்தாலும் "நல்லா இருக்கியளா?" என்று கேட்காத ஒரே மனிதர் எங்கள் பூச்சி அண்ணாச்சிதான். அவர் கேட்பது, "காலைல நல்லா போச்சா?" மேலகரத்தில் ஒரு கல்யாண மேடையில் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையிடமே கேட்டார். மாப்பிள்ளை போட்டோவில் இன்றும் முழித்துக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரி லேப்பில் அவருக்குப் பக்கத்து மேஜை எனக்கு. ஊரே மூக்கைப் பொத்தும் மலப் பரிசோதனை டப்பாவைத் தாம்பூலப் பை வாங்குவதுபோல வாங்குவார். சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பாக்டீரியாக்களைக் கண்டதும் கத்துவார். "ஏட்டி, இங்கன வா! குடல்னா இப்படி இருக்கணும். சீசன்ல மெயினருவில குளிக்க வார கூட்டத்தைப் பாத்திருக்கேல்லா? நெட்டை, குட்டை, ஊதா, ரோஸ், எல்லாவனும் இடிச்சிக்கிட்டு நிக்கான் பாரு!"

அப்பேர்ப்பட்டவருக்கு நிமோனியா முற்றி, எங்கள் ஐ.சி.யூ.விலேயே எட்டு நாள் வென்டிலேட்டர். குழாயை எடுத்ததும் அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணாச்சி அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"ஏட்டி... என் ஸ்லைடு போட்டியா?"

போட்டிருந்தேன். "நல்ல கூட்டம் அண்ணாச்சி" என்று புளுகினேன்.

"பொய் சொல்லுத. உள்ளதைச் சொல்லுட்டி."

"காலியா கெடக்கு. ஒரே ஒரு உருண்டைப் பயதான் குடும்பம் குடும்பமா இருக்கான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "பெரிய சீக்கு வந்தா குடலும் முடங்கிரும். சோறும் கெடையாது, ஆன்டிபயாடிக் வேற. நல்லவன்லாம் ஓடிருவான், அந்த ஒரு ரவுடி வளந்துருவான். அவன் ரத்தத்துல பூந்தா மறுபடியும் அந்தக் குழாய்தான்ட்டி." அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

நிமோனியா அடங்கியதும் டாக்டர் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார். கஞ்சி இறங்கத் தொடங்கியது. வார்டுக்கு மாற்றிய பிறகும் அண்ணாச்சி விடாமல் டப்பா அனுப்பினார். ஆயாம்மா அதை ஓட்டமாகக் கொண்டுவருவார். நர்ஸ்கள் வாசலில் தலையை நீட்டி, "கூட்டம் வந்துட்டா?" என்பார்கள். இரண்டு வாரம் அதே உருண்டைப் பய.

ஒரு காலை லென்ஸில் கண்ணை வைத்தேன். ரோஸ் நிறத்தில் ஒரு நெட்டை. பக்கத்தில் ஊதாவில் ஒரு சங்கிலி. ஸ்லைடைத் தள்ளினால் இன்னொன்று, இன்னொன்று! கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வராந்தாவில் ஓடினேன்.

"அண்ணாச்சி! சீசன் தொடங்கிட்டு!"

போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்தார். "வெறும் சாரல் மட்டுந்தானா, கூட்டமும் வந்துட்டாட்டி?"

"கூட்டம் அண்ணாச்சி! இடிச்சிக்கிட்டு நிக்கான்!"

சிரித்துச் சிரித்து இருமினார். நர்ஸ் எங்கள் இருவரையும் திட்டினாள்.

இப்போது மறுபடியும் பக்கத்து மேஜையில்தான் இருக்கிறார். தினமும் காலையில், எல்லார் முன்னாலும், அதே கேள்வி. நானும் முறைப்பேன். அவர் கேட்காமல் கிடந்த அந்த எட்டு நாளும் எனக்கு வயிறே சரியில்லை என்பதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.